முழங்கால் உயரம்

நான்காவது முறையும் ஆடியது, இந்தப் பக்கம் ஒரு டக், அந்தப் பக்கம் ஒரு டக், கண்ணாடியிலும் மீசையிலும் தேக்குத் தூளோடு நான் அந்த ஸ்டூலின் முன்னால் மண்டியிட்டிருக்கிறேன், இன்னும் ஒரே ஒரு நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இடது பின்னங்காலில் ஒரு நூல் எடுத்துவிட்டால் கோயில் தூண் மாதிரி நிற்கும், எடுத்தேன், இப்போது வலது முன்னங்கால் நீளமாகிவிட்டது, அதில் ஒரு நூல், உடனே மற்றது குட்டை, ஒரு கட்டத்தில் பொறுமை போய் கைரம்பத்தை வைத்துவிட்டு மின்ரம்பத்தை எடுத்தேன், அதற்கு நூல் கணக்கெல்லாம் தெரியாது, விரல் கணக்குத்தான், ஸ்டூல் நாச்சிமுத்துவுடையது, பிறர் செய்த பொருளைத் திருத்துவதில் எனக்கு எப்போதும் ஒரு தனி வேகம் உண்டு, அவர் மதியச் சாப்பாட்டுக்கு மூன்றாம் மாடியிலிருக்கும் வீட்டுக்குப் போயிருந்தார், போகும்போது முழங்கால் உயரம் இருந்த ஸ்டூல் அவர் திரும்பி வந்தபோது ஒரு சாணுக்கு வந்திருந்தது, வெட்டிய கால்துண்டுகள் கேரம் காய்கள் மாதிரி தரையெங்கும் சிதறிக் கிடக்கின்றன, அவருக்குப் பின்னால் பட்டறைக் கூட்டாளிகள் அவிநாசியப்பன் மாஸ்டரும் ஹனீபாவும், மூன்று பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள், நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாங்க நாச்சிமுத்து, கல்யாணத்துக்கு மணை ரெடி, பொண்ணு மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சர வேண்டியதுதான், என்று சொல்லிச் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன், கடைசியில் இருமல்கூட வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து குனிந்து ஒரு துண்டை எடுத்தார், தூளை ஊதினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறிப் போனார், அவர் எப்போதுமே பேசாதவர்தான், வால்பாறை மலைப்பாதையில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர், ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து உட்கார்ந்து அது உள்ளே இறங்கிவிட்டது என்று அவர் முகத்துக்கு நேரேயே நான் சொல்லியிருக்கிறேன், அதற்கும் அன்றைக்கு நான்தான் சிரித்தேன்.

பட்டறை என்று சொல்கிறேனே தவிர அது எங்கள் அடுக்ககத்தின் பழைய ஜெனரேட்டர் ரூம், புது ஜெனரேட்டர் வெளியே போனபின் ஆறு மாதம் பூனைகளின் வசம் இருந்தது, என் மனைவி மரகதம் போன பிறகு அதே ஆறு மாதம் எங்கள் வீடு என் வசம் இருந்தது, பூனைகள் என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டன, பையன் மஸ்கட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவான், சாப்டீங்களாப்பா, சாப்டன், தூங்குனீங்களாப்பா, தூங்குனன், மீதி ஆறு நாளும் என்னோடு பேசியது மிக்ஸி மட்டும்தான், அதுவும் ஒருநாள் நின்றுபோயிற்று, அதைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போய் யாருக்காவது பார்க்கத் தெரியுமா என்று கேட்டபோதுதான் கவனித்தேன், கதவைத் திறந்த ஆண்கள் எல்லோரும் ஒரே மாதிரி நின்றார்கள், ஓய்வுபெற்ற கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஹனீபா மின்சார வாரியத்தில் கம்பம் ஏறியவர், மிக்ஸியைப் பார்த்ததும் என் கையிலிருந்து பிடுங்காத குறை, அப்படித்தான் ஆரம்பித்தது, அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று கேட்டேன், ரூமைக் குடுத்தாச் சீட்டாடுவீங்க, பாட்டில் வரும், என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல், பாட்டில் வரும்மா, ஃபெவிகால் பாட்டில், என்றேன், சிரித்துவிட்டார்கள், சிரித்தபோதே சாவியை வாங்கிவிட்டேன், எதிர்ப்பக்கம் சிரிக்கும்போது காரியத்தை முடித்துக்கொள்வது என் வழக்கம், ஆண்கள் பட்டறை என்று பலகை எழுதி மாட்டினோம், ஒரே வாரத்தில் அதற்குப் புருஷன்மார் காப்பகம் என்று பெயர் மாறிவிட்டது, பெண்கள் காலையில் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து விட்டு, சாயந்திரம் காபிக்கு அனுப்பிவிடுங்க, கண்ணாடியை எங்கயாவது வெச்சுட்டு வந்துருவாரு, பாத்துக்குங்க, என்று சொல்லிவிட்டுப் போவார்கள், கூடவே கைப்பிடி கழன்ற குக்கர், முனை மழுங்கிய அரிவாள்மணை, கால் ஒடிந்த நாற்காலி. வெளியே யாரிடமும் சொன்னதில்லை, வேலை வராத நாட்களில் நான் விடியற்காலையில் எழுந்து எங்கள் வீட்டு நாற்காலியின் திருகாணிகளை நானே தளர்த்தி, பாருங்க ஹனீபா, மறுபடியும் ஆடுது, என்று தூக்கிக்கொண்டு போவேன், அவர் சரிசெய்து தருவார், அதே நாற்காலியை நான்கு முறை சரிசெய்திருக்கிறார், ஏனுங் சார், உங்க ஊட்ல ராத்திரியில நாற்காலி எந்திரிச்சு நடக்குதுங்களா, என்று ஒருமுறை கேட்டார், பிறகு கேட்கவில்லை.

எனக்கு ஒரு வேலையும் தெரியாது, அதைச் சொல்லிவிட வேண்டும், பம்ப்செட் கம்பெனியில் முப்பத்து மூன்று வருடம் இன்ஸ்பெக்டர், அடுக்ககத்து வாட்ச்மேன் இன்றைக்கும் போலீஸ் என்று நினைத்துத்தான் சல்யூட் அடிக்கிறான், என் வேலை மற்றவர்கள் செய்ததை மட்டப்பலகைமேல் வைத்து அளந்து பார்ப்பது, அந்தப் பலகை கருங்கல், கண்ணாடி மாதிரி தேய்த்தது, அதில் வைத்து ஒரு பொருள் ஆடினால் தப்பு பொருளுடையது, பலகையை யாரும் சந்தேகிப்பதில்லை, சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான், கூடவே ஒரு கிண்டல், செய்தவன் முகம் விழாமல் இருக்கத்தான் கிண்டல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பட்டறையிலும் என் சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது, அவிநாசியப்பன் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக்கொடுத்தவர், மூன்று வாரம் கையைக் கிழித்துக்கொண்டு ஒரு குருவிக்கூடு செய்தார், குருவி வந்து பாத்துட்டு வாஸ்து சரியில்லைன்னு போயிரும் மாஸ்டர், என்றேன், அவர் சிரித்தார் என்றுதான் ஞாபகம், ஆனால் அந்தக் கூட்டை அவர் எங்கேயும் மாட்டவில்லை என்பது இப்போது, இதைச் சொல்லும்போதுதான் தோன்றுகிறது. நாச்சிமுத்து மட்டும் எதையும் காட்டமாட்டார், மூலையில் திரும்பி உட்கார்ந்து, யாரோ மாற்றிப்போட்ட பழைய தேக்குக் கதவைப் பிரித்து எட்டு நாள் இழைத்தார், எதற்கு என்று எனக்குத் தெரியும், தெரியாது என்று சொன்னால் பொய், அவர் மனைவி ருக்குமணியம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார், தரையில் உட்காரக்கூடாது, நின்று குளிக்க முடியாது, டாக்டர் சொன்ன உயரம் முழங்கால் உயரம், நாச்சிமுத்து தன் மனைவியை நிற்க வைத்து முழங்கால்வரை ஒரு நூல்கயிற்றில் அளந்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார், அந்தக் கயிறு எட்டு நாளும் அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது, ஒன்பதாம் நாள் மதியம் அவர் இல்லாதபோது நான் போய் ஸ்டூலை அழுத்திப் பார்த்தேன், ஆடியது, கை தானாகப் பைக்குள் போயிற்று.

மறுநாள் நாச்சிமுத்து வரவில்லை, அதற்கு மறுநாள் மாஸ்டர் வரவில்லை, கேட்டால் மூட்டு வலிங்க சார், இந்தக் குளிருக்குப் புடிச்சுக்குது, என்றார், சித்திரை மாதம், கோயமுத்தூரே வெந்துகொண்டிருந்தது, ஹனீபா நான்கு நாள் வந்தார், பிறகு பேரனுக்குப் பரீட்சைங்க, கூட உக்காந்து சொல்லிக்குடுக்கோணும், என்றார், பேரன் யுகேஜி, நாச்சிமுத்துவை லிஃப்டில் பார்த்தபோது கோவமுங்களா என்று கேட்டேன், அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, என்று சொல்லி, எந்த மாடி என்றுகூடப் பார்க்காமல் கதவு திறந்ததும் இறங்கிக்கொண்டார், இரண்டாம் மாடி, அவர் வீடு மூன்றில். நான் மட்டும் தினமும் ஒன்பது மணிக்குத் திறக்கிறேன், விளக்குப் போடுகிறேன், பெருக்குகிறேன், நான்கு டீக்குச் சொல்லிவிட்டுப் பிறகு ஒன்று போதும் என்கிறேன், மாதக் கடைசிவரை ஆளில்லையென்றால் ரூமை சைக்கிள் நிறுத்தக் கொடுத்துவிடுவோம் என்று சங்கத்திலிருந்து சீட்டு வந்தது, ஒருநாள் என் வீட்டு நாற்காலியைப் பழக்கதோஷத்தில் திருகாணி தளர்த்திக் கொண்டுவந்துவிட்டேன், சரிசெய்ய யாரும் இல்லாததால் நானே முடுக்கினேன், முழுக்க முடுக்கிய பிறகும் டக் டக் என்றது, நகர்த்தி வைத்தேன், இரண்டடி தள்ளி வைத்தபோது நின்றது, திரும்ப இழுத்தேன், ஆடியது, அப்புறம்தான் கீழே உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தேன், ஜெனரேட்டரைப் பெயர்த்தெடுத்த இடத்தில் பூசிய சிமெண்ட், மேடும் பள்ளமும், தடவத் தடவ ஒரு கிழட்டு முதுகு மாதிரி இருந்தது, ஸ்டூலில் ஒரு குறையும் இருந்திருக்காது, முப்பத்து மூன்று வருடம் நான் ஒருநாளும் கீழே பார்த்ததில்லை. அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், வாசல் வழியாக வெயில் வந்து கால்வரை ஏறியது, அது ஆஸ்பத்திரி ஜன்னல் வெயிலாகவும் இருந்தது, மரகதம் தலையணையில் சாய்ந்திருக்கிறாள், காலையில்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னும் எத்தனை நாள் என்று சொல்லியிருந்தார், அவள் கேட்கிறாள், ஏனுங்க, நேராச் சொல்லுங்க, நான் ஊட்டுக்கு வருவனா, நான் சொல்கிறேன், வராம எங்க போவ, கேஸ் சிலிண்டர் உம்பேர்ல இருக்குது, நீ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் சோறு, அவள் சிரித்தாள், எனக்காகச் சிரித்தாள், அது எனக்கு அப்போதே தெரியும், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அதற்குப்பின் பதினோரு நாள் இருந்தாள், மறுபடி ஒருமுறைகூட அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை, சொல்லவேண்டியது ஏதாவது அவளிடம் இருந்திருந்தால், எந்த நகை யாருக்கு, எந்தப் புடவையை உடுத்திவிட வேண்டும், என்மேல் என்ன வருத்தம், எல்லாவற்றையும் அந்த சிலிண்டர் அடைத்துவிட்டது, நான்தான் உருட்டிக்கொண்டுபோய் வைத்தேன்.

சாக்பீஸைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன், ருக்குமணியம்மாதான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார், வாங்ணா, உள்ள வாங்க, என்றார், கூடத்தில் இருந்த இரண்டு நாற்காலியில் ஒன்றில் நாச்சிமுத்து, இன்னொன்று அந்தம்மாவுக்கு, எனக்கு உட்கார இடம் தேடினேன், அந்தம்மா கண்ணால் ஓரத்தைக் காட்டினார், அங்கே இருந்தது ஸ்டூல், ஒரு சாண் உயரத்தில், என் சிவப்புப் பெருக்கல் குறி அழியாமல், உட்கார்ந்தேன், முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தன, டக் என்றது, மேடுபள்ளத்துக்காக நான் வெட்டிய கால்கள், இந்த வீட்டு டைல்ஸ் தரை மட்டமானது, இங்கேதான் இது இப்போது நிஜமாகவே ஆடுகிறது, சொல்வதற்கு எனக்கு மூன்று கிண்டல்கள் வாய்வரை வந்தன, மூன்றும் நல்ல கிண்டல்கள், விழுங்கினேன், ஸ்டூல்ல தப்பில்லீங்க நாச்சிமுத்து, பட்டறைத் தரைதான் கோணல், இன்னைக்குத்தான் பாத்தேன், என்றேன், அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, என்றார் அவர், ருக்குமணியம்மா திரும்பி, ஒண்ணுமில்லைங்களா, அப்பறம் எதுக்கு அந்தக் கட்டையத் தலமாட்டுல வெச்சுட்டுத் தூங்கறீங்க, சொல்லுங்க அந்தண்ணன்கிட்ட, மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, என்றார், நாச்சிமுத்து சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேடுவதுபோல, ஒதுங்க இடமில்லை, மெதுவாக, தரை கோணல்னு எனக்குத் தெரியுமுங்க, என்றார், ஊட்ல வெச்சுப் பாத்துட்டுத்தான் மெருகு போட மறுபடி கீழ கொண்டாந்தேன், கால அறுத்தது பரவாயில்லீங்க, மரந்தான, இன்னொண்ணு செய்யலாம், இத்தன வருசத்துல இவளுக்குன்னு எங்கையால ஒண்ணும் செஞ்சதில்லீங்க, பஸ்ஸே கதின்னு கெடந்தேன், அதான், மொதல் தடவையா, என்று நிறுத்தினார், கதவுப் பக்கம் நின்னு பாக்கறேன், நீங்க சிரிக்கறீங்க, என்றார்.

மன்னிச்சுக்குங்க என்ற சொல் எனக்குப் பழக்கமில்லாததால் ஏதோ கரகரப்பாகத்தான் வந்தது, வந்ததா என்றுகூடத் தெரியவில்லை, ருக்குமணியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், நான் கேட்டேன், வாழ்க்கையில் முதல்முறையாகக் கிண்டலின் வால்கூட ஒட்டாமல் ஒரு கேள்வி, நாச்சிமுத்து, நேராச் சொல்லுங்க, மறுபடியும் வருவீங்களா, கேட்டுவிட்டு அசையாமல் இருந்தேன், என் பாரம் முழுவதும் அந்த ஒரு சாண் மரத்தின்மேல் இறங்கியிருக்கிறது, நான் பேசாமல் இருக்கும்வரை அது ஆடவில்லை என்பதைக் கவனித்தேன், ஜன்னல் வெயில் டைல்ஸில் ஊர்ந்துகொண்டிருந்தது, மரகதம் இப்படித்தான் காத்திருந்திருப்பாள், என் வாயையே பார்த்துக்கொண்டு, நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து அந்தக் கால்துண்டை எடுத்தார், உள்ளங்கையில் உருட்டினார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், பார்வையை எடுக்கவே இல்லை.

இல்லீங்க, என்றார், அங்க இனி நான் வரமாட்டன். நீங்க இங்க வாங்க. பேசாம உக்காந்திருக்கறதுன்னா, தெனமும் வாங்க.