தோணாவைத் தாண்டி வந்த நூல்

என் வாப்பா மீராசாவுக்கு வாய் நீளம். என் புருசன் கலந்தருக்கோ வாயே இல்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து நாசமாய்ப் போனவள் நான், றாஹிலா.

கல்முனைப் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். எண்பத்தொன்றில் ஒரு நாள் வாப்பா அவரைப் பார்த்து, "என்ட மகள்ட ஊட்டுச் சோத்தத் திண்டுட்டுத் தூண்டில் பூச்சி கட்டிக்கிட்டு இரிக்காய். வெக்கமில்லையா கலந்தர்?" என்று கத்தினார். பேசாத மனிசன் எழும்பினார். ஒரே ஒரு தலாக்கைச் சொன்னார். தூண்டிலை எடுத்துக்கொண்டு எங்கள் வளவை ஒட்டிக் கடலுக்கு ஓடும் தோணா வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருந்த தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பேச வந்த அன்றைக்குப் பேசின பேச்சைப் பாருங்கள்!

ஒரு தலாக்தான். இத்தா, அதாவது தலாக்குக்குப் பின் மூன்றாவது தீட்டு வரும்வரை பெண் காத்திருக்கும் காலம், முடியுமுன் "மீட்டுக்கிட்டன்" என்று அவர் வாயால் சொன்னால் போதும். முடிந்துவிட்டால் புது நிக்காஹ் வேண்டும், அதற்கு வாப்பா சம்மதிக்க வேண்டும். வாப்பாவாவது சம்மதிப்பதாவது.

அந்தத் தூண்டில், இங்கினியாகலைக் குளத்தில் அவர் தோணி விட்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் கொடுத்தது. மற்றவர்கள் ஈயத்தை எறிவார்கள், ஈயம் நூலை இழுத்துப் போகும். இவருடையதில் கனம் நூலில்தான். நுனியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி, ஊதினால் பறக்கும். கலியாணமான புதிதில் அதைப் பற்றி மட்டும் என்னோடு கதைப்பார்.

"கை ஓடி வந்து டக்கெண்டு நிக்கணும். கை நிண்டாத்தான் நூலு வளையமா வளைஞ்சு முன்னுக்கு உருளும். கம்பு நுனி நேர ஓடினா வளையம் ஒடுங்கிப் போகும். வில்லுப்போல சுத்தினா வளையம் வாயைப் பிளக்கும், காத்துப் புடிச்சிரும்."

"பின்னால போன நூலு?"

"நிமிருமட்டும் பொறுக்கணும். அவசரப்பட்டா சவுக்குப்போல வெடிச்சுப் பூச்சி அறுந்திரும். கூடப் பொறுத்தாலும் மோசம், நூலு நிலத்தில விழுந்திரும்."

இத்தாவில் நான் வேலிப் படலையைத் தாண்டவில்லை. பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு அவர் அந்தக் கரையில் நின்று வீசுவார். வேலி ஓட்டையால் பார்ப்பேன். வளையம் ஒடுங்கி வந்தால் மனம் ஆறியிருக்கிறார், வாய் பிளந்து வந்தால் இன்னும் கோபம். அந்த வளையம்தான் எனக்குக் கதைபேச்சு. வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தனிமை என்னைத் தின்றது.

என் உடம்பின் கணக்குப்படி இன்றோ நாளையோ இத்தா முடிகிற நேரம். அன்று கடற்காற்று தோணா வழியே குறுக்காக அடித்தது. அவர் வீசினார். ஒடுங்கின வளையம் ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு தோணாவுக்கு மேலால் உருண்டு வந்து, எங்கள் வளவுக்குள் நிமிர்ந்து விழுந்தது. ஓடிப்போய் எடுத்தேன். பூச்சியில் தூண்டில் முள் இல்லை. சுற்றியிருந்தது என் கலியாணக் கூறைச்சேலையின் சிவப்பு நூல்.

வாப்பா பின்னால் வந்து நின்றார். "நூலு வந்தா மீட்டதா ஆகுமா? வாயால சொல்லச் சொல்லுகா!"

கரையில் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. வெட்கத்தை விட்டேன். "இஞ்சருங்கோ! ஒரு சொல்லுத்தான், சொல்லுங்களேன்!"

காற்று என் குரலை எங்கே கொண்டுபோனதோ. நூலின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். நான் எடுத்ததைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. நூலை அறுத்து என்னிடமே விட்டுவிட்டு நடந்தார். பாவி மனிசன், நான் பூச்சியை எடுத்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது அடிவயிறு வலித்தது, மூன்றாவது தீட்டு வந்திருந்தது. அல்லாஹ்வே! இத்தா முடிந்துவிட்டது.

வெயில் ஏறப் படலையில் ஆள் சத்தம். ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். அரும்பாடுபட்டு வாயைத் திறந்தார்.

"றாஹிலா, உன்ன மீட்டுக்கிட்டன்."

தெளிவாகத்தான் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் போய், அந்நிய ஆணுக்கு மறைவதுபோல முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டேன்.