பின்னறைக்கு ரேஞ்ச் இல்லை

இசக்கிராஜா சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேபிளைக் கம்பி வழியாக உள்ளே தள்ளினான். மனைவி வசந்தி உள்ளிருந்து நுனியைப் பிடித்து இழுத்தாள். பாதி வந்ததும் எங்கோ சிக்கி நின்றது. அவன் சுவரோரமாக ஒருக்களித்து நடந்து போய்ப் பார்த்தான். தண்ணீர்க் குழாயின் வளைவில் மாட்டியிருந்தது. எடுத்துவிட்டான்.

"போதும், இனி வந்துரும்," என்றாள் வசந்தி.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால், இரண்டு பழைய கிடங்குகளுக்கு நடுவே இடுங்கி நீளும் வீடு அது. முன்னறை, நடை, சமையலறை, கடைசியில் பின்னறை. எல்லாச் சுவரும் முழங்கை நீளத்துக்குக் கனமான வெட்டுக்கல். ரவுட்டர் முன்னறையில் டிவிக்குப் பின்னால் இருந்தது. நடையைத் தாண்டும்போதே போனில் வைஃபை கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். சமையலறையில் ஒரே கோடு. பின்னறையில் அதுவும் இல்லை. இருபுறமும் கிடங்குச் சுவர் என்பதால் மொபைல் நெட்டும் அங்கே எட்டிப் பார்க்காது. இத்தனை காலம் அது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. அந்த அறை அப்பாவுடையது. அவரிடம் இருந்தது பொத்தான் போன்.

இப்போது அந்த அறையில்தான் அப்பா பிச்சைமணி கிடந்தார். வயிற்றில் வந்தது ஈரலுக்கும் போய்விட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாலியேட்டிவ் நர்ஸ் ஸாதனா ஒன்றுவிட்டு ஒருநாள் வந்து வலிக்கு மருந்து கொடுத்துப் போனாள். நேற்று வந்தவள் கிளம்பும்போது ராஜாவை வாசலுக்கு அழைத்து, காண வேண்டியவர்கள் எல்லாம் சீக்கிரம் கண்டுகொள்ளட்டும் என்று சொன்னாள்.

காண வேண்டியவள் ஒருத்திதான். தங்கை இசக்கிசெல்வி பஹ்ரைனில் இருந்தாள். நிறைமாதத்துக்குப் பக்கம். விமானத்தில் ஏறக்கூடாது என்று அங்குள்ள டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன வாரத்திலிருந்து தினமும் கூப்பிட்டு, அப்பாவை ஒரு தடவை வீடியோவில் காட்டு என்று அழுதுகொண்டிருந்தாள். காட்டத்தான் முடியவில்லை. படம் வந்ததும் உறைந்துவிடும். வாய் பாதி திறந்தபடி அவள் முகம் அசையாமல் நிற்க, குரல் மட்டும் துண்டு துண்டாகத் தெறிக்கும்.

அப்பாவை முன்னறைக்கு மாற்றலாம் என்று முதலில் யோசித்தார்கள். தொட்டாலே வலித்தது. அதோடு, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற இடத்தில் கிடக்க மாட்டேன் என்று அவர் தீர்மானமாகச் சொன்னார். அதனால் வைஃபையை அவரிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

ராஜாவுக்கு ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை. சாவி வாங்குவதற்கு முன்பே விருந்தினர்கள் கேட்பது வைஃபை பாஸ்வேர்டைத்தான். அங்கே மாடியில் சிக்னலைப் பிடித்து மறுபடி வீசும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்து பின்னறையில் செருகிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. கேபிள் கனெக்‌ஷன் பார்க்கும் அபிராமிடம் கேட்டபோது, கிடைக்காத சிக்னலை அது எப்படி வீசும் சேட்டா, பாதி வழியில் வைத்துப் பாருங்கள் என்றான். நடையில் வைத்தார்கள். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரி உச்சியில் ஏற்றினார்கள். வழியில் நின்ற இரும்பு பீரோவை நகர்த்தினார்கள். சமையலறை வரைக்கும் நன்றாக வந்தது. கடைசிச் சுவர் விடவில்லை. இந்தக் கல்லுக்குக் கேபிள்தான் வழி என்று சொல்லி, அபிராம் இன்று காலை ஒரு சுருள் கேபிளும் பழைய ரவுட்டர் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

ராஜா கேபிளைப் பின்னறைக் கதவின் மேல்சட்டம் வழியாக உள்ளே எடுத்து, சாமி படத்தட்டில் ரவுட்டரை வைத்துச் செருகினான். அப்பா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாயம்மாள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ரவுட்டர் விளக்கு முதலில் சிவப்பு. பிறகு பச்சை. போனில் எல்லாக் கோடும் நிறைந்தது.

"அம்மா, கிடைச்சுருச்சு."

மாயம்மாள் கும்பிட்டாள். செல்வியைக் கூப்பிடுவதற்கு முன் சோதித்துவிடலாம் என்று, முன்னறையில் இருந்த வசந்திக்கு ராஜா வீடியோவில் போட்டான். அவள் முகம் பளிச்சென்று வந்தது. பின்னால் காலண்டரில் தேதிகூடத் தெரிந்தது. போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"மாமா, என்னையத் தெரியுதா?" என்றாள் வசந்தி.

பிச்சைமணி வசந்தியைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். அது யார் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. தலையை லேசாகச் சாய்த்தார். கட்டத்துக்குள் இருந்த தலையும் சாய்ந்தது. கன்னம் உள்ளே போய், கண்ணும் தோலும் மஞ்சளாகி, பல் மட்டும் பெரிதாகத் தெரிந்த அந்த முகத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறையில் கண்ணாடி கிடையாது. முகம் துடைத்துவிடுவதும் சவரம் செய்வதும் அம்மாதான்.

பஜாரில் சுமடு எடுத்த மனிதர். மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஈரப் பலகையில் ஓட்டமும் நடையுமாக ஏறுவார். செல்வி பஹ்ரைனுக்குப் போன அன்று, நெடும்பாசேரி விமான நிலையத்தில் டிராலி கிடைக்கக் காத்திருக்காமல் அவளுடைய இரண்டு பெட்டிகளையும் ஒன்றாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்விக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. அதுதான் அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

பிச்சைமணி கையை மெதுவாக உயர்த்தி, போனைத் தள்ளிக் கவிழ்த்தார்.

"செல்விக்கு இது வேண்டாம்."

"என்னப்பா?"

"பேசட்டும். பாக்க வேண்டாம், லே."

மாயம்மாள் காலைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்தாள். ஒரே மகள், அவள் அங்கே கிடந்து துடிக்கிறாள், பார்க்காமல் எப்படி ஆறுவாள் என்று கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்புவதற்கே மூச்சு வாங்கியது. அம்மா மறுபடி அவர் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

ராஜா நடைக்கு வந்தான். வசந்தி அங்கே நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"அவகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"ரேஞ்ச் இல்லன்னு."

"நாளைக்கு அவ உங்களத்தான் கேப்பா. மாமாவ இல்ல."

அது அவனுக்கும் தெரிந்தது. வசந்தி மதியத்துக்கு வைத்த கஞ்சியைப் பார்க்கப் போனாள். அவன் அங்கேயே நின்று கையிலிருந்த போனையே பார்த்தான். அப்பா எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. படுத்த பிறகு தண்ணீர்கூடக் கண்ணால்தான் கேட்டார்.

மதியம் செல்வி கூப்பிட்டாள். ராஜா வீடியோவை அணைத்துவிட்டு எடுத்தான்.

"அண்ணே, படம் வரல."

"வரல செல்வி. செவுரு கட்டியால்ல இருக்கு. பேச்சு மட்டுந்தான் கிடைக்குது."

"நீ ஹோட்டல்லதான வேலை பாக்குற. ஒரு வைஃபை நேராக்க அறியலையா உனக்கு?"

கேட்ட வேகத்திலேயே அவள் தணிந்துவிட்டாள். சரி, அப்பாவிடம் கொடு என்றாள். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு, தலையணையில் அப்பாவின் காதோரம் சாய்த்து வைத்தான்.

அழுவாள் என்று நினைத்திருந்தான். அவள் அழவில்லை. குழந்தை ராத்திரியெல்லாம் உதைப்பதைச் சொன்னாள். பக்கத்து ஃப்ளாட் ஆலப்புழைக்காரி கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்ததையும், புருஷன் ஜிதின் டியூட்டி முடிந்து வந்து அவளுக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் தின்று தீர்த்ததையும் சொன்னாள். குளிர் இன்னும் வரவில்லையாம். ஜன்னலைத் திறந்தால் மணலாம். பால்காரனிடம் பேசுவது போல, ரோட்டில் பார்த்தவர்களிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டே போனாள். அந்த அறையில் இத்தனை பேச்சு சமீபத்தில் கேட்டதே இல்லை.

"என்ன மீனு?" என்றார் பிச்சைமணி.

குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் அங்கே கேட்டிருந்தது.

"மத்திப்பா. நம்ம ஊரு ருசி ஒண்ணும் இல்ல."

அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்புத்தான். மாயம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பா, நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது மக்கா. நல்லா தெளிவாக் கேக்குது."

ராஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கிடங்குச் சுவரைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு பிச்சைமணி யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் மூச்சு மாறியது. ஸாதனாவைப் போனில் கூப்பிட்டார்கள். அவள் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, வலியில்லை, பயப்பட வேண்டாம், பக்கத்தில் இருங்கள் என்று சொல்லி அவளும் உட்கார்ந்தாள். கிடங்குகளில் ஷட்டர் இறக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மாயம்மாள் கரண்டியில் தண்ணீர் எடுத்து உதட்டில் விட்டாள். அது உள்ளே போகாமல் கடைவாய் வழியாக வழிந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தாள். ஸாதனா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

செல்வியிடம் ராஜாதான் சொன்னான். முன்னறைக்குப் போய், நின்றபடியே சொன்னான். பிறகு ஜிதின் போனை வாங்கி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

மறுநாள் காலை அப்பாவை முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். பஜார் யூனியன் ஆட்கள் நீலச் சட்டையோடு வந்திருந்தார்கள். வேலைக்குப் போகவில்லை, ஆனாலும் அந்தச் சட்டைதான். அப்பாவோடு வெகுகாலம் சுமடு எடுத்த செல்லப்பா தானே பிளேடு வாங்கிவந்து சவரம் செய்துவிட்டார். புது வேட்டி கட்டி, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியதும், நேற்றுப் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தார்.

செல்வி மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணே, இப்ப அப்பா முன்னறையிலதான இருக்காரு. அங்க நெட் கிடைக்குமில்ல. காட்டு."

மாயம்மாள் கேட்டுவிட்டுக் கையை ஆட்டினாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்க்கக்கூடாது என்றாள். பெண்களில் இரண்டொருவர் ஆமாம் என்றார்கள். ராஜா போனைக் காதில் வைத்தபடி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று அவர் சொன்னது இதற்கும் சேர்த்துத்தானா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்க இனி வழியும் இல்லை.

"இனி பாக்கவே முடியாதுல்ல, அண்ணே," என்றாள் செல்வி.

அவன் வீடியோவைப் போட்டு, அப்பாவின் பக்கத்தில் குனிந்து பிடித்தான். அம்மா தடுக்கவில்லை. செல்வி பார்த்தாள். ஜிதின் கை அவள் தோளில் இருந்தது. மெலிஞ்சுட்டாரு என்று மட்டும் சொன்னாள். கூட்டம் நெருக்கியது. கொஞ்ச நேரம் கழித்து, அவர் படுத்திருந்த அறையைக் காட்டச் சொன்னாள்.

ராஜா ஆட்களை விலக்கிக்கொண்டு நடந்தான். நடை, சமையலறை, பின்னறை. கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஜன்னலில் மருந்து டப்பாக்கள். மூலையில் அவருடைய செருப்பு. ஒவ்வொன்றாகக் காட்டினான். அவள் எங்கே, எங்கே என்று கேட்கக் கேட்கப் போனைத் திருப்பினான். நேற்றுப் பேசும்போது எந்தப் பக்கம் தலைவைத்திருந்தார் என்று கேட்டாள். அதையும் காட்டினான்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. ராஜா திரையைப் பார்த்தான். அவள் முகம் அசையாமல் இருந்தது. நின்றுபோய்விட்டதோ என்று நினைத்தான். அவள் கண் சிமிட்டினாள்.

"இங்கயும் நிக்காம வருதே, அண்ணே."

சாமி படத்தட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் போனை அந்தப் பக்கம் திருப்பவில்லை. வேறு எந்தப் பக்கமும் திருப்பவில்லை.

"அப்பா சொன்னாரா?"

"ம்."

அவள் கீழே பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். ஜிதின் என்னவென்று மலையாளத்தில் கேட்டதும், ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதும் கேட்டது.

"சரிண்ணே," என்றாள். "நீ போ. அங்க உன்னயத் தேடுவாங்க."

முன்னறையில் அவனைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அழைப்பைத் துண்டிக்காமலே போனை வசந்தியிடம் கொடுத்தான். அவள் வாங்கி, மூக்கோரம் வழிந்த கண்ணீரைத் தோளில் துடைத்துவிட்டு, படம் வருகிறதா என்று பார்த்தாள். செல்லப்பா தலைப்பக்கம் ஓர் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். ராஜா போய்த் தோள் கொடுத்தான். யூனியன் ஆட்கள் மூட்டை இறக்கும்போது சொல்வது போலவே, இடத்தே, மெல்ல, இனி வலத்தே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வாசல்படியில் இறங்கினார்கள்.

சந்தின் நடுவில் யாரோ ஒரு ஸ்கூட்டரைப் பூட்டி நிறுத்தியிருந்தார்கள். முன்னால் போனவர் அதன் பின்சக்கரத்தைத் தூக்கி ஓரமாக்கும்வரை நிற்க வேண்டியிருந்தது. ராஜா தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வசந்தி ஏதோ ஒரு நாற்காலியில் ஏறி நின்று, எல்லோர் தலைக்கும் மேலே போனைத் தெருப் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தாள். கை வலித்திருக்கும் போல. போனை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.