சுவரில் ஒட்டிய முகம்

அமுதவல்லியின் தட்டில் இருந்த களி உருண்டையை அவளுடைய நாத்தனார் பூவிழி எடுத்து மறுபடியும் சட்டியில் போட்டாள்.

“இதத் தின்னு தின்னுதான் மூஞ்சி இந்த லட்சணத்துல கெடக்குது. தைராய்டு இருக்கறவங்க ராகியத் தொடவே கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்றது?”

அமுதவல்லி வெறும் கீரைக் குழம்பில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் கணவன் மதியழகன் தன் பங்குக் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. மாமியார் குள்ளம்மாள்தான் பேசினாள்.

“நீ சொன்னாலாவது கேக்கறாளான்னு பாரு பூவு. நான் சொன்னா எனக்கு என்ன தெரியும்னு மூஞ்சியத் திருப்பிக்குவா.”

பூவிழி மதியழகனின் அக்கா. அரூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டின் முன்னறையில் தினமும் காலையில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடி, பாலில் ஏதோ ஒரு சத்துமாவைக் கலக்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அதற்கு ஹெல்த் கிளப் என்று பெயர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் மொரப்பூருக்கு வந்து அம்மா வீட்டில் சாப்பிட்டு, தம்பி மனைவியின் முகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாள்.

அமுதவல்லிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பையன் பிறந்த பிறகு தைராய்டு குறைவு என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதை ஒழுங்காகத்தான் போட்டு வந்தாள். ஆனால் சின்ன வயதில்கூட வராத பரு அந்த வருஷம் மோவாயிலும் தாடை ஓரத்திலும் கிளம்பியது. தொட்டால் வலிக்கிற கட்டிகள். ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இன்னொன்று வரும்.

அவள் அரூரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றாள். ஒருநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, நாளையிலிருந்து மேல்மாடியில் உள்பாவாடைப் பிரிவுக்குப் போகச் சொன்னார். “கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வர்றவங்க விக்கறவங்க மூஞ்சியப் பாத்துத்தாம்மா உக்காருவாங்க. தப்பா எடுத்துக்காத,” என்றார். அன்றிலிருந்து அவள் வேலை நேரம் முழுக்க மாஸ்க் போட்டுக்கொண்டாள்.

அதனால்தான் பூவிழியைத் துளியும் பிடிக்காதபோதும், கடைசியில் அவள் சொன்னதற்குத் தலையாட்டினாள்.

காலையில் ஒரு டம்ளர் சத்துமாவு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர். களி, முட்டைக்கோஸ், சோறு எதுவும் கூடாது. முடிக்கும் தோலுக்கும் என்று தினமும் இரண்டு கேப்சூல். கடைசியாகத்தான் பூவிழி மாத்திரை விஷயத்துக்கு வந்தாள்.

“அந்த மாத்திரைய நிறுத்திரு. அதப் போட்டா வாழ்நாள் பூரா போட்டுட்டே இருக்கோணும். அது மருந்தில்ல, பழக்கம்.”

“டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க அண்ணி.”

“டாக்டர் சொல்லி ஒம்மூஞ்சி சரியாச்சா?”

மதியழகன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். “அக்கா ஒனக்குக் கெடுதலா சொல்லப் போவுது? செஞ்சுதான் பாரேன்.”

நிறுத்தினாள்.

முதலில் உடம்பு கொஞ்சம் இளைத்தது. பரு அப்படியே இருந்தது. சில வாரங்கள் கழித்து பூவிழியே அவளைக் கூட்டிப்போய் ஒரு லேபில் ரத்தம் எடுக்க வைத்தாள். தைராய்டு சரியாக இருப்பதாக முடிவு வந்தது. மாத்திரையே போடாமல் சரியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூவிழி வீட்டுக்குள் நுழைந்த தோரணையே வேறாக இருந்தது. “பாத்துக்கோம்மா, ஒம்மருமவள. என்னத்தையோ பெரிசா டாக்டரு டாக்டருன்னாளே,” என்றாள். பிறகு அமுதவல்லியை ஜன்னல் பக்கம் நிறுத்தி ஃபோனில் படம் எடுத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மா, ஒனக்கே காட்டத்தான்,” என்றாள்.

ஐப்பசி மழை தொடங்கியபோது அமுதவல்லிக்குக் குளிர் தாங்கவில்லை. கடையில் மற்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே நிற்க, அவள் சுவரோரம் ஒண்டினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். காலையில் எழுந்தால் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. குரல் ஆண்குரல் மாதிரி கரகரத்தது. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்தது. பரு இப்போது கன்னம் வரை ஏறி, சில இடங்களில் சீழ் வைத்திருந்தது.

பூவிழியிடம் சொன்னபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒடம்புல இருக்கற கழிவு வெளிய வருது. வரட்டும். இன்னொரு டம்ளர் சேத்துக் குடி.”

ஒருநாள் கடையில் மேல் அடுக்கில் இருந்து பெட்டி எடுக்க ஏணியில் ஏறியவள் தலைசுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை பார்த்த கண்ணம்மாள்தான் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த பெண் மருத்துவர் அவள் இமையையும் கழுத்தையும் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். முன்பு எடுத்த லேப் முடிவை வாங்கிப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“இந்தத் தாள்ல ஒண்ணுமில்லைன்னு இருக்கு. ஒங்களப் பாத்தா அப்பிடித் தெரியலீங்களே. தைராய்டு மாத்திரை எப்ப நிறுத்துனீங்க?”

அமுதவல்லி சொன்னாள். தினமும் குடிக்கிற சத்துமாவையும், மாதவிலக்கு தள்ளிப்போவதையும் சேர்த்துச் சொன்னாள்.

“முடி கொட்டுதுன்னு ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?”

கைப்பையில் இருந்த கேப்சூல் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மருத்துவர் அதன் பின்பக்கம் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

“இதுல பயோட்டின்னு ஒரு விட்டமின் நெறையா இருக்கு. சாப்பிட்டா தைராய்டு ஒண்ணும் ஆவாது. ஆனா சில மெஷின்ல ரத்தத்தச் சோதிக்கறப்ப இது குறுக்க வந்து கணக்கத் தப்பாக் காட்டும். இல்லாத நல்லத இருக்கற மாதிரி காட்டும். இத நிறுத்திட்டு அடுத்த வாரம் வந்து மறுபடி ரத்தம் குடுங்க.”

“அப்ப பருவு எதனாலீங்க?”

“ஒரே காரணம்னு சொன்னா அது பொய். இந்த வயசுல தாடையோரமா வர்ற பருவுக்குப் பெரும்பாலும் ஹார்மோன் பின்னாடி இருக்கும். மாசம் தள்ளிப் போவுதுன்றீங்க, அதுக்கும் ஸ்கேன் பாக்கலாம். அப்பறம் இனிப்பும் பால்பவுடரும் கலந்த இந்த மாவு. சில பேருக்கு அது பருவக் கெளப்பிவுடும். ஒங்களுக்கு அப்பிடியான்னு நிறுத்திப் பாத்தாத் தெரியும்.”

“களி சாப்பிடலாங்களா?”

மருத்துவர் நிமிர்ந்தார். “களி என்னங்க பாவம் பண்ணுச்சு? தாராளமா சாப்பிடுங்க. மாத்திரைய மட்டும் காலைல வெறும் வயித்துல போட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு டீயோ காப்பியோ குடிங்க.”

அடுத்த வாரம் எடுத்த சோதனையில் தைராய்டு மிகவும் குறைந்துபோயிருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் இதயத்தைத் தொட்டிருக்கும் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து மதியழகனிடம் சொன்னாள். “சரி, மாத்திரையப் போடு. மாவக் குடிக்காத. ஆனா அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத. மனசு ஒடைஞ்சிரும்,” என்றான்.

“எனக்கு என்ன ஒடைஞ்சாலும் பரவால்லீங்களா?”

“இப்ப எதுக்கு அதெல்லாம். சொந்தத்துக்குள்ள சண்ட வேணாம்.”

அவள் அன்று பூவிழியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலேகூட இருந்திருப்பாள். அதைக் கெடுத்தது உள்பாவாடை வாங்க வந்த ஒரு பெண்.

அந்தப் பெண் நிறம் பார்த்துக்கொண்டே இருந்தவள், அமுதவல்லி தண்ணீர் குடிக்க மாஸ்க்கை இறக்கியபோது உற்றுப் பார்த்தாள். “நீங்க பூவிழி அக்கா கிளப்புல படத்துல இருக்கறவங்கதானே?” என்றாள். கேட்டுவிட்டு மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. “இல்ல, வேற யாரோ போல.”

“எந்தப் படம்?”

பெண் தயங்கி ஃபோனை எடுத்துக் காட்டினாள். பூவிழியின் ஸ்டேட்டஸ். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அமுதவல்லி. இடது பக்கம் பரு நிறைந்த முகம், சில மாதங்களுக்கு முன் யாரோ வீட்டு விசேஷத்தில் எடுத்தது. வலது பக்கம் ஜன்னலோரம் எடுத்தது. அதில் ஒரு பரு இல்லை, ஒரு தழும்பு இல்லை. மூக்கும் தாடையும்கூடச் சற்றுக் கூராக இருந்தன. கீழே எழுதியிருந்தது: மாத்திரை இல்லாமல் தைராய்டு குணம், முகப்பரு குணம், என் தம்பி மனைவியே சாட்சி.

“இதப் பாத்துத்தான் நானும் எங்கம்மாவுக்கு மாத்திரைய நிறுத்தலாம்னு...” என்றாள் அந்தப் பெண்.

“நிறுத்தாதீங்க,” என்றாள் அமுதவல்லி. கரகரத்த குரலில் அது அதட்டல் மாதிரி கேட்டது.

மறுநாள் காலையில் அவள் கடைக்குப் போகும் வழியில் பூவிழி வீட்டில் இறங்கினாள். முன்னறையில் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். நேர் எதிரே சுவரில் அதே படம், பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தது. பூவிழி மிக்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“என்ன அமுதா, இந்நேரத்துல?”

அமுதவல்லி பதில் சொல்லாமல் நேராகப் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். மாஸ்க்கைக் கழற்றினாள். மழைநாள் மங்கலில் பூவிழி எல்லா விளக்குகளையும் போட்டிருந்தாள். எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது.

“நாந்தாங்க இது. மாத்திரைய நிறுத்துனேன், இவங்க குடுத்ததக் குடிச்சேன். இதுதான் என் மூஞ்சி. நாலு நாளைக்கு முன்ன எடுத்த ரத்தத்துல தைராய்டு ரொம்ப மோசமா இருக்குன்னு வந்திருக்கு. மொதல்ல சரியா இருக்குன்னு வந்ததே இந்தக் கேப்சூல் பண்ண வேல.”

பூவிழியின் முகம் சிவந்து, பிறகு இறுகியது.

“சொன்னத ஒழுங்காப் பண்ணாம திருட்டுத்தனமா சோறு தின்னுட்டு, இங்க வந்து என் பொழப்பக் கெடுக்கறயா? இத்தன பேரு நல்லாருக்காங்க, ஒனக்கு மட்டும் ஏண்டி ஆவல? ஒன் ஒடம்பே அப்பிடி. மனசுல இருக்கறதுதான் மூஞ்சில வரும்.”

“இருக்கட்டும் அண்ணி. படத்தக் கிழிங்க.”

“எங்கூட்டுச் செவுரு. நீ யாரு சொல்றதுக்கு?”

“என் மூஞ்சி,” என்றாள் அமுதவல்லி. கையை நீட்டி ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். படம் பாதியில் கிழிந்தது. மிச்சத்தையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. பூவிழி அவள் கையைப் பிடிக்க வந்து, எல்லோரும் பார்ப்பதை உணர்ந்து நின்றுவிட்டாள்.

ஒரே ஒரு பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். மற்றவர்கள் மிச்சத்தைக் குடித்தார்கள்.

அன்று சாயங்காலம் குள்ளம்மாள் அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள். “எம்பொண்ணு ஊட்டுச் செவுத்துல படத்தக் கிழிச்சவ கையால எனக்குத் தண்ணி வேணாம்,” என்று சொல்லித் தனியாகச் சமைத்துக்கொண்டாள். மதியழகன் ஒரு மாதத்துக்கு மனைவியிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருமுறை மட்டும் சொன்னான். “அவங்க கேட்டா நான் யோசிக்கறேன்,” என்றாள் அவள். பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாத்திரை தீரும்போது மட்டும் கேட்காமலேயே வாங்கிவந்து அலமாரியில் வைத்தான்.

தை பிறந்தபோது குளிர் விட்டிருந்தது, குரல் திரும்பியிருந்தது. மாசியில் எடுத்த சோதனையில் தைராய்டு கட்டுக்குள் வந்தது. பரு முழுதாகப் போகவில்லை. சீழ்க் கட்டிகள் வருவது நின்று, கன்னத்தில் கருந்தழும்புகள் தங்கின. மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பைத் தடவி வந்தாள். கடையில் அவளைப் பட்டுப் பிரிவுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. மாஸ்க் போடுவதை விட்டுவிட்டாள்.

வைகாசியில் பூவிழியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். தாய்மாமன் சீர் மதியழகன் வீட்டிலிருந்துதான் போயாக வேண்டும். அவன் அவளிடம் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளாகப் புடவை மாற்றிக்கொண்டு சீர்த்தட்டைத் தூக்கினாள்.

அரூர் மண்டபத்து வாசலில் பூவிழி வந்தவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் பார்வையைத் தம்பி மேல் நகர்த்தினாள். அமுதவல்லி மேடைக்குப் போய்த் தட்டை இறக்கினாள். பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைத்து, கன்னத்தில் சந்தனம் தடவினாள். “நல்லாரு சாமி,” என்றாள். அந்தக் குழந்தை சிரித்தது.

இறங்கி வரும்போது பூவிழி தம்பியிடம் சொல்வது காதில் விழுந்தது. “இருந்து சாப்ட்டுட்டுப் போகச் சொல்லு. அப்பறம் நான் பட்டினி போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவா.”

மதியழகன் மனைவியைப் பார்த்தான். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க சாப்ட்டு வாங்க,” என்றாள் அமுதவல்லி. கை நனைக்காமல் வெளியே நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு தள்ளுவண்டியில் இட்லி ஆவி பறக்க எடுத்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே நாலு இட்லி வாங்கிச் சாப்பிட்டாள். கடைக்காரர் கேட்காமலேயே சட்னி இன்னொரு கரண்டி ஊற்றினார். மொரப்பூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. மண்டபத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.