கிட்டி பிடித்த கை

ரெங்கசாமிக்கு அன்று விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தலைப்பாகையைக் கட்டினான், அவிழ்த்தான். வண்டியில் மாட்டைப் பூட்டினான், அதையும் அவிழ்த்தான். பிரிக்பீல்ட்ஸ் வண்டிக்காரர்களின் காளைகளுக்கெல்லாம் இருபது வருஷமாகக் காயடித்த ஆள் இவன். கிட்டி என்கிற அந்த மரக்கவ்வியைக் கையில் எடுத்தானென்றால் காளைகள் கொட்டகை மூலைக்கு ஒதுங்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன், தன் நாய்க்கு என்றதும் ஆடிப்போய்விட்டான்.

நாய் மணிக்கு விதைப்பை ஒரு பக்கம் எலுமிச்சம்பழம்போல வீங்கியிருந்தது. மாட்டு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் யோகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். முந்தின நாள் பார்த்துவிட்டு, "கட்டி அண்ணை. ரெண்டையும் எடுத்தால் பிழைக்கும். விட்டால் உள்ளுக்க பரவிடும். குட்டியிலயே எடுத்திருந்தால் இந்தக் கட்டியே வந்திராது" என்று சொல்லியிருந்தார்.

"எத்தனை மாட்டுக்குப் பண்ணுனீங்க? இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி புஷ்பவல்லி.

"அதனாலதான்டி பயமா இருக்கு. மாடு போடற சத்தம் உனக்குத் தெரியாது. அப்புறம் நான் புல்லு குடுத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கும். மணியும் அப்படித் திருப்பிக்கிட்டா நான் என்ன செய்வேன்?"

"திருப்பிக்கிட்டாலும் உசுரோட இருக்கும் லா. தூக்கிட்டுப் போங்க."

தூக்கிக்கொண்டு போனான். மேசையில் படுக்கவைத்ததும், பழக்க தோஷம், முழங்காலை ஊன்றிக் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தான். டிரஸ்ஸர் மருந்து நனைத்த துணியை நாயின் மூக்கில் வைத்தார். பிடித்திருந்த கால்கள் தளர்ந்தன. கத்தி இறங்கியது. மணி முனகக்கூட இல்லை.

"என்னங்கய்யா, கத்தவே இல்லையே. போயிருச்சா?"

"நித்திரை கொள்ளுது அண்ணை. ஒண்டும் தெரியாது."

நாய் கண் திறக்கும்வரை வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பற்றவைத்த பீடியெல்லாம் பாதியிலேயே அணைந்தது. ஒருவழியாகத் தலையைத் தூக்கிய மணி, தள்ளாடி வந்து அவன் கையை நக்கியது. பாவி மனுஷன் அப்படியே குந்தி அழுதுவிட்டான்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, இந்த மருந்து மாட்டுக்கும் கேக்குமா?" என்றான்.

"ஓம், கேக்கும். ஏன்?"

அவன் மணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

சாயங்காலம் கொட்டகையில், தானே காயடித்த தன் வண்டிமாடு செவலைக்குப் புல்லை நீட்டினான். அது வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. தினமும் அதட்டுகிறவன் அன்று அதட்டவில்லை. புல்லைக் கீழே வைத்துவிட்டு, அது தின்னட்டும் என்று எட்டப் போய் நின்றான்.