கடைசி இருபது கேள்விகள்

விடைத்தாள்கள் மேசைக்கு வரும்போது அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஏழாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதிய அத்தனை பிள்ளைகளும் அந்த நீள அறைக்குள் நுழைந்ததும் வெறும் ஒன்பது இலக்கமாகிவிடுவார்கள். சரிபார்ப்பவள் நான்கு நாளாக அதில் ஒரே ஓர் எண்ணுக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவள் மகளின் எண்.

சொந்தப் பிள்ளை தேர்வு எழுதினால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வேறு பிரிவுக்குப் போய்விட வேண்டும் என்பது விதி. அவள் எழுதிக் கொடுக்கவில்லை. விதி தெரியாமல் இல்லை. ஆசை யாரை விட்டது?

கணவனுக்கு லேத் பட்டறை எட்டு மணி நேர ரயில் தூரத்தில். மகளும் சின்னவனும் அவனோடு. 'ஒரு வருஷம் பார்ப்போம்' என்று சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தாள். ஒன்று நாலாகிவிட்டது. இந்தத் தேர்வில் நாற்பதுக்கு முப்பது வாங்கினால் எந்த ஊர்ப் பள்ளியில் வேண்டுமானாலும் சேரலாம். மகள் இங்கே வந்துவிடலாம். "முப்பதுக்கு மேல வாங்கிடுவேன்மா, நீ ரூமைப் பெருக்கி வை" என்று அவளே சொல்லியிருந்தாள். அம்மாக்காரி பெருக்கியதோடு நிற்கவில்லை. ஒரு படிப்பு மேசை வாங்கி ஜன்னலோரம் போட்டு, காலையும் மாலையும் அதில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். உட்கார ஆள் வருவதற்குள் மேசையே தேய்ந்துவிடும்போல இருந்தது.

ஐந்தாம் நாள் காலை அந்த எண் வந்தது. விடைகளைத் திருத்தும் இயந்திரம் ஒதுக்கித் தள்ளிய தாள்கட்டில் மூன்றாவதாக இருந்தது. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தால் இயந்திரம் அப்படி ஒதுக்கிவிடும்.

முதல் இருபதில் பதினெட்டு சரி. கடைசி இருபதில் ஒன்றுகூட இல்லை.

பதறியது ஒரு நிமிடம்தான். இதென்ன புதிதா? ஒரு கேள்வியைத் தாண்டிப் போன பிள்ளை, விடைத்தாளில் அந்த வரியைத் தாண்ட மறந்துவிடும். அதன் பிறகு எல்லா விடையும் ஒரு வரி மேலே ஏறிவிடும். வருஷத்துக்கு ஐம்பது பிள்ளைகளாவது இந்தக் கூத்தைச் செய்வார்கள். அவர்களுக்கென்றே மேசை ஓரத்தில் 'நழுவல்' என்று எழுதிய தட்டு இருந்தது. அதில் போட்டால் மேற்பார்வையாளர் வரியை நகர்த்தித் திருத்துவார், மதிப்பெண் திரும்பிவிடும்.

"என் அவசரக்குடுக்கை" என்று மனதுக்குள் கொஞ்சிக்கொண்டே விடை அட்டையை எடுத்தாள். சரியான விடைகளின் இடத்தில் துளை போட்ட அட்டை அது. தாளின் மேல் வைத்தால் சரியாக நிரப்பிய வட்டம் துளைக்குள் கறுப்பாகத் தெரியும்.

அட்டையை ஒரு வரி மேலே நகர்த்தி வைத்தாள். ஆறு துளைகளில்தான் கறுப்பு தெரிந்தது. ஒரு வரி கீழே இறக்கினாள். நாலு. இரண்டு வரி தள்ளினாள், ஐந்து. மறுபடியும் நேராக வைத்தாள். இருபது துளையும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"என்ன, அட்டையை வச்சு தாயம் விளையாடுறியா?" என்றாள் பக்கத்து மேசை அக்கா. மங்கலான பென்சில் கோட்டையும் விடமாட்டாள் என்பதால் அவளுக்குக் கழுகு என்று பெயர். தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். யாருடைய தாள் என்று அவளுக்குத் தெரியாது.

"இது நழுவல் இல்லடி."

"பின்ன? பாதிக்கு மேல ஒண்ணும் தெரியலையோ என்னவோ."

"தெரியாத பிள்ளை கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினாலும் நாலுல ஒண்ணு விழும். இருபதுக்கு அஞ்சாவது தேறும். ஒண்ணுகூட விழலைன்னா?" அக்கா தாளைத் தட்டினாள். "ஒவ்வொண்ணுலயும் சரியானது எதுன்னு தெரிஞ்சு, அதை மட்டும் விட்டுட்டு வேற போட்டிருக்கு. எல்லாம் தெரிஞ்சாத்தான் எல்லாத்தையும் தப்பா போட முடியும். கெட்டிக்காரப் பிள்ளைதான். யார் மேல என்ன கோபமோ."

சரிபார்ப்பவள் தாளை வாங்கிக்கொண்டாள். வட்டங்கள் எல்லாம் நிதானமாக, ஓரம் பிசகாமல் நிரப்பப்பட்டிருந்தன. இருபதாவது கேள்வி வரைக்கும் இங்கே வர நினைத்த பெண், இருபத்தொன்றில் மனம் மாறியிருக்கிறாள். நான் வேண்டாமா அவளுக்கு? தாளைத் திருத்தம் தேவையில்லாத தாள்களின் கட்டில் வைத்தாள். நழுவல் தட்டில் போட அவளுக்குக் கை வரவில்லை.

மதிய இடைவேளையில் மாடிப்படியில் நின்று போன் செய்தாள். விடுமுறை, மகள்தான் எடுத்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேன்மா. அப்பாவுக்குப் பட்டறைக்குக் குடுத்து அனுப்பிட்டேன். இவன்தான் இன்னும் தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

"பரீட்சை... கடைசியில கஷ்டமா இருந்துச்சோ?"

மகள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மார்க் வரலைன்னா திட்டுவியாம்மா?"

"திட்ட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. சொல்லு."

"நானும் அங்க வந்துட்டா இங்க இவங்களுக்கு யாரும்மா இருப்பா? நாம ரெண்டு பேரும் அங்க இருந்தா, நீ அப்புறம் இந்தப் பக்கம் வரவே மாட்டே." மூக்கை உறிஞ்சினாள். "நீ வாயேன்மா."

நாலு வருஷமாக மகளை எப்படி வரவழைப்பது என்று மட்டுமே யோசித்தவளுக்கு, மகள் அதே நாலு வருஷமாக அம்மாவை எப்படி வரவழைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. அதையும் மீறி, அந்தக் குழந்தையை இப்போதே இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல் கை பரபரத்தது.

"இருடி கண்ணு, எனக்கு லீவு எத்தனை நாள் மிச்சம் இருக்குன்னு கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

"லீவுக்கு வரச் சொல்லலம்மா" என்றாள் மகள்.