நான்காவது ரிப்போர்ட்

சித்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இறக்கினார்.

"அந்தா நார்மல்," என்றார். எல்லாமே நார்மலாம்.

அருள்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தூரில் ரத்தம் எடுத்தவர்கள் சொன்னதும் இதே வார்த்தைதான். இங்கே இதயத்துக்கு ஈசிஜி, தலைக்கு ஸ்கேன். இதுவும் நார்மல். உடம்பு முழுக்க நார்மலாக இருக்கிற ஒருவன் வாரத்துக்கு இரண்டு முறை தரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான்.

"அப்ப ஏன் சார் சுத்துது?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். தமிழும் தெலுங்குமாகக் கேள்விகள் வந்தன. வாந்தி வருமா? வரும். கண் மங்குமா? இல்லை. காதில் ஏதாவது சத்தம்?

"இல்ல சார்."

"டென்ஷன் ஏதாச்சும்?"

"இந்த ரிப்போர்ட்டுதான் சார் டென்ஷன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "மந்து அலவாட்டு உந்தா?"

குடிப்பழக்கம் உண்டா. பின்னால் நின்றிருந்த மச்சான் கமலக்கண்ணன் லேசாக இருமினார்.

"விட்டு மூணு வருஷம் ஆச்சு சார்."

டாக்டர் எதையும் எழுதவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை அருள்குமாருக்குப் புதிதில்லை. நாலு மாதமாக அவன் ஊரான நகரி முழுக்க அவனை அப்படித்தான் பார்க்கிறது.

முதல் முறை சுற்றியது தனசேகரின் தறிக் கொட்டகையில். எட்டு பவர்லூம் ஓடுகிற இடம். இரண்டு தறிக்கு நடுவே நின்றிருந்தவனுக்குத் திடீரென்று சுவர் மேலே ஏறியது. தரை பக்கவாட்டில் சாய்ந்தது. கையை எதிலோ ஊன்றினான். இன்னும் நாலு விரல் தள்ளி ஊன்றியிருந்தால் கை தறிக்குள் போயிருக்கும். தனசேகர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். பிறகு குனிந்து, அவன் வாயை மோந்து பார்த்தார்.

வாடை எதுவும் இல்லை. ஆனால் முதலாளி மோந்து பார்த்தார் என்கிற சேதி மட்டும் சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் போய்விட்டது.

மனைவி சிவசங்கரி ஸ்ரீ சிட்டியில் செல்போன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். போன வாரம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தால், புருஷன் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வாந்தியில் கிடக்கிறான். நாலு வருஷத்துக்கு முன் இதே வாசற்படி, இதே கோலம். அப்போது பக்கத்தில் பாட்டிலும் இருந்தது. அன்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு புத்தூரில் தாய் வீட்டுக்குப் போனவள், எட்டு மாதம் கழித்து அவன் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

இந்த முறை அவள் கத்தவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"நீ குட்ச்சியா இல்லியான்னு நா கேக்கல. எதனா ஒரு டாக்டரு இன்னா நோவுன்னு பேரு எழுதிக் குடுக்கட்டும். இல்லாங்காட்டி பாப்பாவ இட்டுக்கினு போய்க்கினே இருப்பேன்."

"சத்தியமா குடிக்கல சங்கரி."

"அப்பவும் இப்டித்தான் சொன்ன. அப்பவும் பேசப் பேச மூஞ்சியத் திருப்பிக்கினு படுத்துக்குவ. இப்பவும் அதேதான். சொவுத்துக்கிட்ட பேசுற மாதிரி கீது."

அவன் எப்போது முகத்தைத் திருப்பினான்? அவனுக்கே தெரியவில்லை. ஆனால் அவ்வளவு கோபத்திலும் அவள் எலுமிச்சையைப் பிழிந்து, கைநிறைய உப்பைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பிரஷர் குறைந்தால் சுற்றுமாம். பக்கத்து வீட்டு ருக்மணி சொன்ன வைத்தியம். நாலு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்.

துணிப்பை அலமாரியிலிருந்து இறங்கிக் கதவோரம் வந்துவிட்டது. மறுநாள் அண்ணன் கமலக்கண்ணனைக் கூப்பிட்டு, "நீ கூடப் போ. டாக்டரு இன்னா சொல்றாருன்னு நீ கேட்டு எனக்குச் சொல்லு" என்றாள். வைத்தியத்துக்குத் துணை இல்லை. சாட்சி.

சாட்சி இப்போது ஆஸ்பத்திரி வாசலில் பீடியைத் தேடிக்கொண்டிருந்தது.

"மாப்ள, இவ்ளோ தூரம் வந்துட்டோம். காணிப்பாக்கம் பக்கத்துலதான். ஒரு எட்டு போய் இன்னோரு வாட்டி சத்தியம் பண்ணிடு. ஸ்கேனு இன்னா ஸ்கேனு. பொய் சொல்றவன் அங்க நிக்க முடியாது. தங்கச்சிக்கு நா போன்ல சொல்லிடறேன், முடிஞ்சிபோச்சி."

அருள்குமாருக்கு அது சரி என்றுதான் பட்டது. மெஷின்தான் அவன் பக்கம் பேச மாட்டேன் என்கிறது. பிள்ளையாருக்குத் தெரியும்.

அந்தக் கோயிலில் சத்தியம் செய்கிறவன் முதலில் குளத்தில் முழுக வேண்டும். ஈர வேட்டியோடு சன்னதிக்கு வர வேண்டும். நில விவகாரம், திருட்டு, குடி, எதுவானாலும் அங்கே சொன்ன சொல்லுக்குச் சுற்று வட்டாரத்தில் மறு பேச்சு இல்லை. அருள்குமார் முழுகி எழுந்தான். படியேறினான். வரிசையில் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முன்னால் இரண்டே பேர்.

அப்போது தூண் நகர்ந்தது.

வேண்டாம், இப்போது வேண்டாம் என்று பல்லைக் கடித்தான். தூண் கேட்கவில்லை. கூரை சுழன்றது, விளக்குகள் கோடாக இழுபட்டன. வாயைத் திறந்தான். சத்தியத்துக்குப் பதிலாக வாந்தி வந்தது.

கூட்டம் விலகியது. யாரோ தெலுங்கில் முணுமுணுத்தார்கள். கமலக்கண்ணன் அக்குளில் கைகொடுத்து அவனை வெளிப் பிராகாரத்துக்கு இழுத்து வந்து உட்கார வைத்தார். அரை மணி நேரம் துண்டால் விசிறினார். சுற்றல் அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்.

"நா ஒண்ணும் சொல்லல மாப்ள. பிள்ளையாரே சொல்லிட்டாரு."

அருள்குமாருக்கு அழுகை வரவில்லை. தன் உடம்பையே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. மெஷின் முன்னால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது, சாமி முன்னால் கவிழ்த்துவிடுகிறது.

"மச்சான். திருப்பதில ஒரே ஒரு வாட்டி பாத்துடலாம். அங்கியும் நார்மல்னு சொன்னா, உன் தங்கச்சியும் பாப்பாவும் போற பஸ்ஸுல நானே பைய ஏத்தி வுடறேன்."

கமலக்கண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது வரைக்கும் நா இங்க நடந்தத தங்கச்சிக்குச் சொல்லல. போதுமா?"

மூன்றாம் நாள் திருப்பதி. பெரிய ஆஸ்பத்திரி. குழாய்க்குள் படுக்க வைத்து மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளை டாக்டரும் அதே கேள்விகளைக் கேட்டார். காதில் சத்தம்? இல்லை சார். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மூளை நார்மல்."

மூன்றாவது ரிப்போர்ட். கமலக்கண்ணன் எழுந்து செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டார்.

"எதுக்கும் காதையும் ஒரு தடவ பாத்துடுங்க. கீழ ரெண்டாவது ரூம்," என்றார் டாக்டர், அடுத்த பெயரை அழைத்துக்கொண்டே.

"காது எதுக்கு மாப்ள? அதான் ஒண்ணும் இல்லன்னுட்டியே. பஸ்ஸு போயிடும்."

"அஞ்சு நிமிஷம் மச்சான்."

காது பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் ரோஹிணி என்று சட்டையில் குத்தியிருந்தது. சின்ன அறைக்குள் இன்னொரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. கதவு மட்டும் ஒரு சாண் கனம். உள்ளே உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"பீப்னு சின்னதா சத்தம் கேட்டா அழுத்தணும். அவ்ளோதான்."

கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ திருகினாள். வலது காதில் பீப். அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு இடது காது. அவன் கை சும்மா இருந்தது. அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். இன்னும் திருகினாள். அவன் ஹெட்போனைக் கழற்றினான். ரோஹிணி எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"என்னண்ணா?"

"அந்தத் தறிய கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா. பீப்பே கேக்க மாட்டேங்குது."

"எந்தத் தறி?"

"வெளிய ஓடுதே."

ரோஹிணி அவனையே பார்த்தாள். "இது ஆஸ்பத்திரி அண்ணா. இங்க தறி ஏது? வெளிய குண்டு வெடிச்சாலும் இந்த ரூமுக்குள்ள கேக்காது."

அவன் காது கொடுத்துக் கேட்டான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழைய தறி, எண்ணெய் போடாத தறி. ஓம் என்று ஒரே இழுப்பாக, இடது பக்கம்.

"டாக்டர் கேக்கலையா, காதுல சத்தம் வருதான்னு?"

"கேட்டாரு."

"இல்லன்னு சொன்னீங்களா?"

"தறி ஓட்றவனுக்குத் தறி சத்தம் கேக்கத்தான செய்யும்? கரண்டு போனாலும் கேக்கும், ஞாயித்துக்கெழமையும் கேக்கும். எங்க தெருவுல எல்லாருக்கும் கேக்கும். அது எப்டிம்மா நோவாவும்?"

ரோஹிணி கதவைச் சாத்திவிட்டுச் சோதனையை முழுசாகச் செய்தாள். பிறகு காது டாக்டர் அந்தத் தாளை மேசைமேல் விரித்தார். வயதான அம்மாள். தாளில் இரண்டு கோடுகள், காதுக்கு ஒன்றாக. கமலக்கண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இங்க கடைசியில ரெண்டு கோடும் விழுது பாருங்க. அது தறிச் சத்தத்தோட வேலை. ஆனா இடது கோடு ஆரம்பத்துலயே கீழ கிடக்குது. அதைத் தறி செய்யாது. உள்காதுல நீர் அழுத்தம் கூடியிருக்கு. மெனியர்னு பேரு. அது எகிறும்போதுதான் உங்களுக்குச் சுத்துது. இத்தனை நாள் உங்க தறிச் சத்தம் இதை மூடி மறைச்சிருக்கு."

"நோவுக்குப் பேரு கீதுங்களா மேடம்?" என்றான் அருள்குமார். "அந்தப் பேர தாள்ல எழுதிக் குடுங்க. பெரிசா எழுதுங்க."

எழுதினார். மாத்திரை எழுதினார். பூரணமாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது, அடிக்கடி வராமல் பார்க்கலாம் என்றார். சுற்றல் அடங்குகிற வரை ஓடுகிற தறிப் பக்கமே போகக் கூடாது.

"முக்கியமா உப்பு. ஊறுகாய், கருவாடு எல்லாம் நிறுத்தணும். இப்ப எப்படிச் சாப்பிடறீங்க?"

அருள்குமார் டம்ளர் கணக்கைச் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் தாளை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்தோஷப்படத் தெரியவில்லை. நாலு மாதம். மூன்று டாக்டர்கள் கேட்டார்கள், மூன்று பேருக்கும் இல்லை என்று சொன்னவன் அவன்தான். இனி தறியும் இல்லை. தனசேகர் வாசலில் உட்கார வைத்து நூல் பிரிக்கிற வேலை கொடுத்தால் உண்டு.

வடமாலபேட்டை தாண்டுகிற வரை கமலக்கண்ணன் காதைக் குடைந்துகொண்டே வந்தார். அவரும் இருபது வருஷமாகத் தறி ஓட்டுகிறவர்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"மாப்ள. அந்தப் பொண்ணு, பஞ்சு ரூமு பொண்ணு... சாயங்காலத்துலயும் இருக்குமா?"

"ஏன் மச்சான்?"

"இல்ல, சும்மா கேட்டேன். எனக்கு ரெண்டு பக்கமும் ஓடுது."

அருள்குமார் அவரைப் பார்த்தான். அவர் போனை எடுத்துத் தங்கைக்குப் போட்டார். கம்பெனி பஸ்ஸில் இருந்தாள் போல, இரைச்சலாக இருந்தது.

"சங்கரி, பேரு எழுதிக் குட்த்துட்டாங்க. என் கண்ணால பாத்தேன். காது நோவு. பிள்ளையார் கோயில்ல வுழுந்ததும் அதான். நாந்தான் தப்பா நெனச்சேன். இந்தா, பேசு."

அருள்குமார் போனை வாங்கி வலது காதில் வைத்தான். எப்போதிருந்து வலது காதில் வைக்கிறோம் என்று அப்போதுதான் யோசித்தான்.

"எந்தக் காது?" என்றாள் சிவசங்கரி.

"எடது."

பஸ் இரைச்சலுக்கு மேல் அவள் குரல் உயர்ந்தது.

"நீ வலது பக்கமா ஒருக்களிச்சு, நல்ல காத தலாணில அமுக்கிக்கினு படுக்குற. அப்ப நாலு மாசமா நா பேசுனது, அழுதது?"

"தறி சத்தந்தான் கேட்டுச்சு."

"எருமமாடு. டாக்டரு கேட்டப்ப வாயத் தெறந்து சொல்றதுக்கு இன்னா?"

"எல்லாருக்கும் ஓடும்னு நெனச்சேன்."

"எனக்கு ஓடலியே." குரல் உடைந்து, உடனே சரியானது. "உப்பு வேற போட்டுக் குட்த்தனே. இன்னா சொன்னாங்க அதுக்கு?"

"வூட்ல வந்து சொல்றேன். பை?"

"கதவாண்டதான் கீது. வந்து எடுத்து மேல வையி, எனக்கு எட்டாது." பிறகு, "நாலு மாசத்துக்குத் திட்டணும் உன்ன. எல்லாத்தியும் மொதல்லேருந்து திட்டணும்."

"திட்டு."

"வலது பக்கமா ஒக்காந்துதான் திட்டுவேன். மூஞ்சியத் திருப்பாத."