யார் கட்டியது என்று தெரியாத பில்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

"கையைக் கழுவிட்டு வந்துடறேன்" என்பதுதான் அந்தப் பொய். கிரேக்க நாட்டில் எங்கள் தெசலோனிக்கி நகரத்தில் நண்பர்களோடு சாப்பிடும்போது யாராவது இப்படிச் சொல்லிக்கொண்டு எழுந்தால், அவர் கை சுத்தமாகத்தான் இருக்கும். நேரே கல்லாவுக்குப் போய் எல்லாருக்கும் சேர்த்துப் பில்லைக் கட்டிவிட்டு, ஈரக்கையைத் துடைப்பதுபோல் ஒரு பாவனையோடு திரும்பி வருவார். அப்புறம் விஷயம் தெரிந்ததும் மேசையே அதிரும். "உனக்கு மட்டும்தான் பை இருக்கா, எங்களுக்கெல்லாம் ஓட்டையா?" என்று கத்துவோம். எங்கள் நட்பில் பாதி இந்தச் சண்டைதான்.

கதையை நான் வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். செத்துப்போன அந்தத் தொடக்கங்களை இங்கேயே கிடத்தியிருக்கிறேன்:

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் எவந்தியா வங்கி வேலையை— (மழை தூறவில்லை. சுள்ளென்று வெயில்.)

மனித இனம் கூடி உண்ணத் தொடங்கிய நாள் முதலே— (இப்படித் தொடங்கும் கதையை நானே மூடி வைத்துவிடுவேன்.)

கணினி நிரலுக்குக் காப்புரிமை உண்டா?

இந்த மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். வறட்சியான கேள்விதான், ஆனால் கதை இதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

2

எவந்தியா என் தோழி. வங்கிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவள். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து, கூட்டாகச் செலவு செய்கிறவர்கள் அந்தச் செலவைப் பிரித்துக்கொள்ள ஒரு செயலி எழுதினாள். அந்த மாதிரிச் செயலிகள் ஊரில் கொட்டிக் கிடக்கின்றன. அவளுடையதில் ஒரு வித்தியாசம். மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன்னால் எவ்வளவு முடியும் என்பதைத் தன் கைபேசியிடம் மட்டும் சொல்லலாம். குறைவதை, மற்றவர்கள் கூடுதலாகத் தர விரும்புவது நிரப்பிவிடும். கடைசியில் எல்லார் திரையிலும் "முடிந்தது" என்று ஒரே ஒரு சொல் வரும். யார் கூடக் கொடுத்தார், யார் ஒன்றுமே கொடுக்கவில்லை என்பது மேசையில் எவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. நிரலை எழுதிய எவந்தியாவே நினைத்தாலும் பார்க்க முடியாது.

ஏதென்ஸில் ஒரு சுற்றுலா நிறுவனம் அவளைக் கூப்பிட்டுப் பேசியது. பேடன்ட் என்கிற காப்புரிமை கிடைத்தால் உங்கள் நிரலையே அப்படியே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கிடைக்காவிட்டால் எங்கள் ஆட்களே ஒன்று எழுதிக்கொள்வார்கள், அதில் பணம் தராதவர் பெயர் சிவப்பில் ஒளிரும், ஜனங்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். ஒளிவு மறைவில்லாத மனிதர்கள், அதில் குறை சொல்ல முடியாது.

[இந்த இடத்தில் சட்டத்தை விளக்கி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். சாரம் இவ்வளவுதான்: வெறும் நிரலுக்குக் காப்புரிமை இல்லை. மனிதர்களின் பழக்கவழக்கத்தை இயந்திரத்தில் ஏற்றினாலும் இல்லை. தொழில்நுட்ப ரீதியாக அது புதிதாக ஏதாவது சாதிக்க வேண்டும்.]

3

இனி அர்கீரிஸ். இவனை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. அவனைக் கோமாளியாக்கினால் சிரிப்பு வருகிறது, தியாகியாக்கினால் எனக்கே எரிச்சல் வருகிறது. அவன் இரண்டும் இல்லை. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவன். நன்றாகப் பாடுவான், ஆனால் பாதியில் வரிகளை மறந்துவிட்டு "லாலா லாலா" என்று சமாளிப்பான்.

அச்சகம் மூடியது. அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் கை கழுவப் போய் அவன் பங்கையும் சேர்த்துக் கட்டிவிடுவோம். ரொம்ப நாள் அப்படி ஓடியது. அவனும் முறை போட்டு எல்லாரும் எல்லாருக்கும் வாங்கித் தருவதாக நினைத்துக்கொண்டிருந்தான், அல்லது அப்படி நினைப்பதாக எங்களை நம்பவைத்தான்.

பிறகு அவனுக்கு எங்கேயோ சில நாள் வேலை கிடைத்தது. கூலி கைக்கு வந்த அன்று, வழக்கமான மீன் உணவகத்துக்கு எங்களை அவனே கூப்பிட்டான். இஸ்திரி போட்ட சட்டை. பொரித்த நெத்திலி, கணவாய், குடிக்கச் சிப்புரோ சாராயம் என்று வரிசையாக அவனே சொன்னான். கடைசியில் பணத்தை எடுத்து வெய்ட்டரிடம் நீட்டினான். அந்த நல்ல மனிதர், சத்தியமாக நல்ல மனிதர், அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, "நீ உள்ள வையி தம்பி. உன்னோடத எப்பவும் இவங்கதான குடுக்கறாங்க" என்றார்.

அர்கீரிஸ் சிரித்தான். கடை சார்பில் வந்த இனிப்பைக்கூடச் சாப்பிட்டான். எல்லாரையும் கட்டிப்பிடித்து விடைபெற்றான். அதற்குப் பிறகு அவன் எங்கள் மேசைக்கு வரவேயில்லை.

எவந்தியா வேலையை விட்டது அதற்குப் பிறகுதான். தன் செயலி யாருக்காக எழுதப்பட்டது என்று அவள் அவனிடம் சொன்னதில்லை.

4

எவந்தியா காப்புரிமைக்கு மனுப் போட்டிருந்தாள், அதன் விசாரணை காணொளியில் நடந்தது. எவந்தியாவுக்காக வாதாடிய வக்கீலம்மா மெல்போவின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. "கூட வந்து உக்காரு. எழுத்தாளர்ங்கறத மறந்துட்டு வாயப் பொத்திட்டு இரு" என்று எவந்தியா இழுத்து வந்திருந்தாள்.

வக்கீலம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "மேசை, நட்பு, மனசு, இந்த மூணுல ஒரு வார்த்தை உன் வாயில வந்துச்சுன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்டி. இது இயந்திரம். சாவி, பூட்டு, தகவல், அத மட்டும் பேசு."

திரையில் மூன்று பரிசோதகர்கள். தலைவர் மெல்லிய குரல்காரர். அவள் மனுவை விரும்பிப் படித்திருந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. அந்த விருப்பத்தில்தான் கேட்டார்: "நல்லா இருக்கு. இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சும்மா?"

எவந்தியாவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரி யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மாட்டியிருப்பாள். "யோசனை என்னங்க யோசனை? எங்க ஊர்ல எல்லாரும் பண்றதுதான! கை கழுவப் போறேன்னு சொல்லிட்டு நைசா எந்திரிச்சுப் போயி..." எழுந்து நடித்தே காட்டினாள், ஈரக்கை துடைப்பது உட்பட. ஒரு பரிசோதகர் வாய்விட்டுச் சிரித்தார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

(இந்தப் பேச்சை நான் அழித்துவிடலாம். விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அழித்தால் அவளுக்குக் காப்புரிமை. ஆனால் எவந்தியா எவந்தியாவாக இருக்க மாட்டாள்.)

தலைவர் சிரிக்கவில்லை. வருத்தமாகவே சொன்னார். "அப்ப இது மனுஷங்க ஏற்கெனவே பண்ற பழக்கம். நீங்க பூட்டுறதுக்கு வச்சிருக்கற முறைகளும் பழசுதான். புதுசா மிச்சம் இருக்கறது நாகரிகம் மட்டும்தான். அதுக்கு நாங்க காப்புரிமை தர முடியாதே."

வக்கீலம்மா கண்ணைத் திறந்தார். "ஒரு வித்தியாசம் இருக்குங்க. மனுஷங்க பண்ணும்போது யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சே ஆகணும். குறைஞ்சது வெய்ட்டருக்கு. தெரிஞ்சவர் என்னைக்காவது சொல்லிருவார். இந்த நிரல்ல சொல்றதுக்கு ஆளே இல்ல."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதத் தொழில்நுட்ப விளைவுன்னு வாதாட எடம் இருக்கு. மனுஷங்க கையில அது தோத்துப்போகுதுன்னு காட்ட ஒரு சம்பவம் இருக்கா? எப்ப, எங்க, என்ன ஆச்சுன்னு வேணும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், குறிப்புல பதிவாகும். கோப்ப யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம்."

"என் கட்சிக்காரருக்கே நடந்திருக்கு. அவங்க சொல்லுவாங்க" என்றார் வக்கீலம்மா.

எவந்தியா கையை உயர்த்தினாள். "கொஞ்சம் இடைவேளை கிடைக்குமா?" என்றாள்.

5

இடைவேளையில் வக்கீலம்மா சன்னலைத் திறந்து சிகரெட் பற்றவைத்தார்.

"பேரச் சொல்ல வேண்டாம்டி. ஒரு நண்பர்னு சொல்லு, போதும்."

"அவனுக்குத் தெரியாதா, அது அவன்தான்னு?"

"அவன் எங்க போயி இந்தக் கோப்பப் படிக்கப் போறான்?"

"என் பேர் பேப்பர்ல வந்தா ஒரு எழுத்து விடாமப் படிப்பான், வக்கீலம்மா. அவன் எங்களப் பத்திதான் படிச்சிட்டிருப்பான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியவன். "அவனையே கேட்டுடேன். போன் போடு" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? 'டேய், நீ அவமானப்பட்டியே, அத ஊருக்குச் சொல்லிக்கட்டுமா'ன்னா? கேட்டாலே சொன்ன மாதிரிதான்டா, மண்டு!"

ஒருவன் கூசிப்போகாமல் காப்பாற்றும் வழியைத் தன்னுடையது என்று நிரூபிக்க, அந்த ஒருவனையே அவள் கூசவைக்க வேண்டும். சட்டத்தில் யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. அது ஒரு சம்பவத்தைக் கேட்டது, அவ்வளவுதான்.

6

இங்கே நான் எழுதிய முடிவுகள்.

முதல் முடிவு. எவந்தியா எல்லாவற்றையும் சொல்கிறாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். காப்புரிமை கிடைக்கிறது. அர்கீரிஸ் குறிப்பைப் படித்து, தோழியின் அன்பை உணர்ந்து, பாடிக்கொண்டே படியேறி— (எவந்தியா இதைப் படித்துவிட்டு, "நீ அவனப் பாத்ததே இல்லையா?" என்று கேட்டாள். சரியான கேள்வி.)

இரண்டாம் முடிவு. இல்லாத ஒரு மாமாவை அவள் உருவாக்குகிறாள். கவாலா நகரத்தில் ஒரு மாமா, ஒரு தேநீர்— (தேநீரா? காபியே கதியான எங்கள் ஊரிலா? கற்பனை இப்படித்தான் கையும் களவுமாக மாட்டும்.)

மூன்றாவதுதான் நடந்தது. திரை மீண்டும் ஒளிர்ந்ததும் எவந்தியா முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்:

"அப்படி ஒரு சம்பவம் நடக்கலைங்க. ஊர்ல பண்ணுவாங்க. ஆனா எங்க மேசையில யாரும் யாருக்காகவும் கட்டினதில்ல. அவங்கவங்க பங்க அவங்கவங்கதான் கட்டினோம்."

தலைவர் அவளை வெகுநேரம் பார்த்தார். ஏதோ புரிந்திருக்க வேண்டும். "இத அப்படியே பதியட்டுமாம்மா?"

"அப்படியே பதிஞ்சிருங்க."

மனு தள்ளுபடியானது. "எனக்கு வருத்தமா இருக்கு" என்று தலைவர் சொன்னது குறிப்பில் இல்லை, ஆனால் நான் கேட்டேன்.

திரை அணைந்த பிறகு வக்கீலம்மா அவளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு அவள் தலையை இழுத்து நெற்றியில் முத்தமிட்டார். "பொய் சொல்லி ஜெயிக்கப் பாத்தவங்க எத்தனையோ பேர எனக்குத் தெரியும். பொய் சொல்லித் தோத்தவ நீ ஒருத்திதான்டி, கழுத."

7

இப்போது என் பாடு. அவள் வாயைத் திறக்காத விஷயத்தை மூன்றாம் பகுதியில் சட்டையின் இஸ்திரி வரைக்கும் எழுதி வைத்திருக்கிறேன். எவந்தியா படித்துவிட்டுத் தாள்களை மேசையில் வைத்தாள்.

"அந்த வெய்ட்டருக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்?"

"பேரெல்லாம் மாத்திட்டேன். அச்சகமே இல்ல, வேற தொழில். மீன் உணவகமும் இல்ல."

"தோளத் தட்டினது?"

"அது... அப்படியேதான் இருக்கு."

"அப்ப அது போதும் அவனுக்கு."

தாள்களைக் கிழிக்கப் போனேன். உண்மையிலேயே கிழிக்கத்தான் போனேன் [இதை நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயமில்லை]. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. அரசாங்கக் குறிப்புல என்ன இருக்கு? நாங்க யாரும் அவனுக்காக எதுவும் பண்ணலன்னு இருக்கு. அது பொய். என் பேர்ல, என் கையெழுத்தோட காலத்துக்கும் இருக்கப் போற பொய். நெசம் எங்கயாவது ஒரு எடத்துல இருக்க வேண்டாமா?"

"அவன் படிச்சா?"

அவள் தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினாள். "கதைன்னு போடு. கதைன்னா யாரு யாருன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுல்ல? அவனுக்கே கொஞ்சம் சந்தேகம் இருக்கும். அந்தச் சந்தேகத்தையாவது அவனுக்கு விட்டுக்குடு."

அதனால் இது கதை. இரண்டு வருடம் உழைத்து அவள் இயந்திரத்தில் செய்ததை, நான் பேனாவால் அரைகுறையாகச் செய்து பார்த்திருக்கிறேன். அவளுடையதில் கசிவு கிடையாது. என்னுடையதில் உண்டு, எனக்கே தெரிகிறது. ஏதென்ஸ்காரர்களின் செயலி இப்போது சந்தைக்கு வந்துவிட்டது. நல்ல பளிச்சென்ற சிவப்பு.

8

முடிவு என்னிடம் இல்லை. அர்கீரிஸ் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நானோ எவந்தியாவோ போய் அவன் முன்னால் நின்றால், எங்கள் முகத்தில் அவன் முதலில் பார்ப்பது அந்த ராத்திரியைத்தான். எங்களால் முடியாது. எனக்கு அவனை அவ்வளவு பிடிக்கும், ஆனாலும் முடியாது.

உங்களால் முடியும். நீங்கள் எங்கள் மேசையில் இருந்ததில்லை. உங்கள் அலுவலகத்தில், உங்கள் மாடிக்கு மேல்மாடியில் இப்படி ஒருவன் இருக்கலாம். நாலு பேர் சாப்பிடப் போகும்போது "இன்னைக்கு வேல இருக்கு" என்று சொல்லிக் கழன்றுகொள்கிறவன். அவன் அர்கீரிஸாக இல்லாமலும் இருக்கலாம், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தக் கதையைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். சாப்பிடக் கூப்பிடுங்கள். பதிலுக்கு அவன் உங்களைக் கூப்பிடுவான், அல்லது கூப்பிடாமலும் போகலாம். கூப்பிட்டால், போங்கள். வயிறு நிறையச் சாப்பிடுங்கள், அவன் சொல்கிற பதார்த்தத்தையே கேட்டுச் சாப்பிடுங்கள். அவனால் முடியுமா என்று மனசுக்குள் கணக்குப் போடாதீர்கள். கடைசியில் அவன் பணத்தை எடுக்கும்போது யாரும் அவன் கையைப் பிடிக்க வேண்டாம்.

அவன் கட்டட்டும்.